ஒரு பிள்ளைக்கு மட்டும் வராத பரிசு

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை, நாகூர் என்று காவிரிப் படுகையின் முஸ்லிம் ஊர்களில் எதை எடுத்துக்கொண்டாலும், புதிய கருவிகள் கடைத்தெருவுக்கு வருமுன்பே சபராளிகளின் பெட்டிகளில் வந்துவிடுகின்றன. டேப் ரிக்கார்டர் அப்படித்தான் வந்தது. கைப்பேசியும் அப்படித்தான் வந்தது. இப்போது சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் பெட்டிகளில் மெய்நிகர் விளையாட்டுக்கான ஹெட்செட் இருக்கிறது. கண்களை முழுவதும் மூடி, தலையைச் சுற்றி வாரால் கட்டிக்கொள்ளும் அந்தக் கருவி ஏறத்தாழ அரைக் கிலோ எடை உடையது. அணிந்தவருக்கு வீட்டு முற்றம் மறைந்து வேறோர் உலகம் விரிகிறது. தம் முறை வரும்வரை பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்க இயலாத பிள்ளையைப் பற்றியதே இக்கட்டுரை.

மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கிறான் என்று கொள்வோம். அண்ணன் விளையாடுகிறான், தங்கை விளையாடுகிறாள், இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் பார்ப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் ஆடும் விளையாட்டென்றால் அருகில் அமர்ந்து திரையையாவது பார்க்கலாம். இங்கோ, வேறு திரைக்கு அனுப்பினாலன்றி, காட்சி அணிந்தவரின் கண்களுக்கு மட்டுமே உரியது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த நிகழ்வை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்று தெரிந்ததும் சாட்சியாக இருக்க மறுத்தார்கள். தந்தை அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் இச்செய்தியை நாம் வீடு, மனை, நகை ஆகியவற்றுக்கே பொருத்திப் பழகிவிட்டோம். வீட்டுக்கென்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி ஒரு பிள்ளைக்கு மட்டும் பயன்படாது என்றால், அது அவனுடைய உடன்பிறந்தவர்களுக்கு வந்த பரிசு. அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

தடை எங்கே இருக்கிறது? பிள்ளையின் உடலில் இருக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இவ்விளையாட்டுகளில் பல, நின்றுகொண்டு இரு கைகளையும் சமமாக இயக்கும் ஒருவரையே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கருவி தலையின் உயரத்தை அளக்கிறது. ஆகவே அமர்ந்திருப்பவர் விளையாட்டின் உள்ளேயும் தாழ்ந்துவிடுகிறார். மேலே இருக்கும் பொருள் அவருக்கு எட்டாது. தரையில் கிடப்பதை எடுக்கக் குனிந்தால் நாற்காலியின் கை தடுக்கும். பின்னால் திரும்ப வேண்டுமானால் சக்கரத்தைத் தள்ள வேண்டும். தள்ள வேண்டிய அதே கைகளில்தான் விளையாட்டின் கைப்பிடிக் கருவிகளும் இருக்கின்றன! கை நடுங்கும் பிள்ளையின் நடுக்கம் ஒவ்வொன்றையும் கருவி கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். செவித்திறன் குறைந்தவருக்கு, ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் எழுத்து வேண்டும். ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு, ஒளியும் ஓசையும் ஒரேயடியாகப் பாய்வதைக் குறைக்க ஒரு வழி வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்கருவியை அணியலாகாது. அது தனிச் செய்தி.

இவற்றுள் பெரும்பகுதியைத் தீர்க்க முடியும் என்பதைச் சிலர் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ‘மாஸ்’ என்னும் விளையாட்டை அமர்ந்தபடியே ஆடலாம். அதில் வரும் சிற்றெலி அமெரிக்கச் சைகை மொழியில் பேசுகிறது. 2020-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ விளையாட்டை அமர்ந்தும், ஒரே கைப்பிடியைக் கொண்டும் ஆடலாம், குனிவதற்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். (அது சுடும் விளையாட்டு, சிறுவர்க்கு உகந்ததன்று. அமைப்பைக் காட்டவே இங்கே சொல்கிறேன்.) ‘பீட் சேபர்’ விளையாட்டில் ஒற்றை வாளால் ஆடும் முறை உண்டு, குனிந்து தப்ப வேண்டிய சுவர்களையும் நீக்கிவிடலாம். இசை வேண்டாம் என்னும் வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்று மெட்டா எனப்படும் நிறுவனம் 2021-இல், அமர்ந்திருப்பவரின் பார்வையை நிற்பவரின் உயரத்துக்கு உயர்த்தும் வசதியைத் தன் குவெஸ்ட் கருவியின் அமைப்புகளிலேயே சேர்த்தது. உங்கள் வீட்டில் அக்கருவி இருந்தால், அமைப்புகளில் அணுகல் வசதிகள் என்ற பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஹெட்செட் உள்ள வீடுகளில்கூட அதைத் திறந்தவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தொழுகையே உடலின் நிலைக்கு இத்தனை இடம் தருகிறது. மனிதர் எழுதிய விளையாட்டு நிரல் இடம் தர மறுப்பதை நாம் ஏன் இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

நம்மிடம் வேறொரு வழக்கமும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும், ‘இதனால் கை தேறுமா, பேச்சு வருமா’ என்று கேட்கிறோம். பக்கவாதத்துக்குப் பிந்திய பயிற்சிகளில் மெய்நிகர் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் காலையில் பிசியோதெரபி, மாலையில் பேச்சுப் பயிற்சி என்று நாளெல்லாம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, வெறுமனே விளையாடுவதற்கும் ஒரு பொழுது வேண்டும். அண்ணனின் ஆட்டத்துக்கு யாரும் மருத்துவச் சான்று கேட்பதில்லையே.

இதெல்லாம் வீண் பொழுதுபோக்கு, ஹெட்செட்டே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல மறுத்தால் அங்கே நீதி குறையவில்லை. தொழுகை நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும், மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் சரியே. ஒருவனுக்குத் தந்துவிட்டு மற்றவனிடம் ‘உனக்கு இது எதற்கு’ என்று கேட்பதுதான் பிழை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், பொழுதுபோக்கில் அவர்கள் பங்குகொள்ள உதவும் கருவிகளை உருவாக்குவதையும் அரசின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள்.

படுகையில் வளரும் பிள்ளைக்கு இது கூடுதலாகப் பொருள் உடையது. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். நம் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் அதில் குதிக்கிறார்கள். வரப்பில் சக்கர நாற்காலி போகாது. வாசலின் உயர்ந்த படிகளில் அதை இறக்குவதற்கே இருவர் வேண்டும். ஆகவே நெல் விளையும் மண்ணில் பிறந்தும் நடவு வயலின் நடுவே ஒருநாளும் நின்றறியாத பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஹெட்செட் அவர்களை அங்கே நிறுத்த வல்லது. யாரேனும் அதைத் தமிழில், அமர்ந்தபடி, ஒரு கையால் ஆடும்படி செய்து தர வேண்டும்.

அந்த யாரேனும் நம் பிள்ளைகளாகவே இருக்கலாம். அதிராம்பட்டினத்தில் 1955-இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. கணினி பயிலும் மாணவர்கள் இறுதியாண்டில் ஏதோ ஒரு திட்டப்பணி செய்தே ஆக வேண்டும். நின்றபடி பயன்படுத்தும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை 2019-இல் வெளியிட்ட சென்னை ஐஐடியில், மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கும் தனி மையம் உண்டு, வழிகாட்டல் கேட்கலாம். மாதிரிக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. கண் மங்கிய பாட்டிமார் விரலால் குழிகளைத் தடவி, சோழிகளை எண்ணிப் பல்லாங்குழி ஆடவில்லையா? பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் ஒலிக்கும் மணிகளை இட்டார்கள். ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது.

அதுவரை, விடுமுறைக்குப் புறப்படுமுன் ‘என்ன வாங்கி வரட்டும்’ என்று அத்தா கேட்கும்போது ஒரு வேலை சொல்லுங்கள். கடையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, அதில் அமர்ந்து, வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் மட்டும் அந்த விளையாட்டை ஆடிப் பார்க்கட்டும். ஆட முடிந்தால் வாங்கி வரட்டும்.