நிறைவின்மை என்னும் சரக்கு

1929 சனவரியில் அமெரிக்க வணிகர் பேரவையின் இதழான 'நேஷன்ஸ் பிசினஸ்' ஒரு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் சார்லஸ் கெட்டரிங். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர். கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொள்ளும் இடரிலிருந்து மகிழுந்து ஓட்டுவோரை விடுவித்த மின்தொடக்கியை உருவாக்கியவர். நுகர்வோரை நிறைவின்றி வைத்திருங்கள் என்பது அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். எல்லாரும் உள்ளதைக் கொண்டு நிறைவடைந்துவிட்டால் புதியதை வாங்க எவர் வருவார் என்பது அவர் எழுப்பிய வினா. பின்வந்த விளம்பர வல்லுநர்கள் பூசி மெழுகியதை இவர் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்காகவே கெட்டரிங்கை இன்றும் கருத்தூன்றிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் அவ்வாறு எழுதியதற்கு ஒரு பின்புலம் உண்டு. 1908இல் ஹென்றி ஃபோர்டு விற்பனைக்கு விடுத்த மாடல் டி வண்டி, பத்தொன்பது ஆண்டுகள் அடிப்படை மாறாமல் செய்யப்பட்டு வந்தது. 850 டாலரில் தொடங்கிய விலை 1920களின் நடுவில் 300 டாலருக்குக் கீழே இறங்கிற்று. உழவரும் தொழிலாளரும் வாங்கத்தக்க, ஊர்க் கொல்லனே பழுதுநீக்கத்தக்க, நெடுநாள் உழைக்கும் ஒரே வண்டி என்பதே ஃபோர்டின் எண்ணம். ஒன்றரைக் கோடி வண்டிகள் சாலைக்கு வந்தன. அதன்பின், வண்டி வேண்டியோரிடமெல்லாம் வண்டி இருந்தது. ஒரு நாட்டு மக்களின் தேவை தீர்வதைக் காட்டிலும் பொருளாக்கத்துக்கு வேறென்ன வெற்றி வேண்டும்? ஆனால் தேவை தீர்ந்த இடத்தில் இலாபமும் தீரும்.

அந்த முட்டுச்சந்தைத் தாண்டும் வழியை ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் கண்டார். செவர்லே முதல் காடிலாக் வரை வண்டிகளைப் படிப்படியாக அடுக்கினார். ஒரு படியில் நிற்பவர் கண்ணுக்கு அடுத்த படி எப்போதும் தெரியும். கையில் பணமில்லாதவர்க்குக் கடன் வழங்க 1919இலேயே தனி நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. வண்டியின் தோற்றத்தை வகுக்க 1927இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலை, வண்ணப் பிரிவு ஒன்று அமைந்தது. உள்ளிருக்கும் பொறி பெரிதும் பழையதாகவே இருக்க, மேனி மட்டும் ஆண்டுதோறும் மாறிற்று. அண்டை வீட்டு வாசலில் புதிய வளைவுகளோடு ஒரு வண்டி வந்து நின்ற அன்றே, குறையேதுமின்றி ஓடிக்கொண்டிருந்த தன் வண்டி பழையதாகிவிட்டது என்று உரிமையாளர் உணர்ந்தார். 1927 மே மாதத்தில் ஃபோர்டு மாடல் டி உற்பத்தியை நிறுத்தினார். பின்னாளில் அவரது நிறுவனமும் ஆண்டுக்கொரு தோற்றம் என்னும் நெறிக்கே வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் பொருளியலாளர் கெய்ன்ஸ், 1930இல், பேரப்பிள்ளைகளின் காலத்தைக் கணித்து ஒரு கட்டுரை எழுதினார். நூறாண்டில் செல்வம் பன்மடங்கு பெருகும். வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதும் என்றார். பிறர் நிலை எதுவாயினும் நாம் உணரும் தேவை ஒன்று, பிறரை விஞ்ச வேண்டும் என்பதால் எழும் தேவை மற்றொன்று என்று அவர் பிரித்தும் காட்டினார். அவர் குறித்த நூறாண்டு முடிய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. செல்வம் பற்றிய கணிப்பு வளமிக்க நாடுகளில் பெரும்பாலும் பலித்தது. ஓய்வு பற்றியது பலிக்கவில்லை. இரண்டாம் வகைத் தேவைக்கென்றே ஒரு பெருந்தொழில் எழுந்து நிற்கும் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

அத்தொழில் வெற்றி பெறுவதற்கு மனத்தின் அமைப்பே இடம் தருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிஜ் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு இங்கே கருதத்தக்கது. மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருள் அழிக்கப்பட்ட எலிகள் உணவை நாடிச் செல்லவில்லை. விட்டால் பட்டினியால் மாளும். ஆயினும் நாவில் இனிப்பு நீரை விட்டால் வழக்கம்போலவே சுவைத்து நக்கின. மறுபுறம், மூளையைத் தூண்டி மிகுதியாக உண்ணவைத்த எலிகளிடம் சுவைக்கும் குறிகள் மிகவில்லை. வேட்கையும் இன்பமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன என்பது இதனால் தெளிந்தது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது எச்சரிக்கை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எனினும் துய்ப்பின்பம் சிறிதும் மிகாமலே வேட்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போக முடியும் என்னும் செய்தி, கடைவீதியை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது.

1978இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் உண்டு. இலினாய் மாநிலப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேர், வெல்லாத பிறரைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சிறு மகிழ்ச்சிகளில் அவர்கள் பெற்ற சுவையோ குறைந்திருந்தது. விபத்தில் உடல் செயலிழந்தோரும் பிறரைப் போலவே மகிழ்ந்திருந்தனர் என்று இவ்வாய்வின் பெயரால் மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. இழப்புக்கு மனம் அத்தனை எளிதில் பழகுவதில்லை.

அவாவை அடக்கு என்பது நம் அறநூல்களின் அறிவுரை. திருக்குறள் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தது. அவ்வறிவுரையின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் பிறர் உள்ளத்தில் அவாவை எழுப்புவதையே நாள்முழுதும் ஊதியத்துக்குச் செய்யும் பல்லாயிரம் வல்லுநர்களை வள்ளுவர் காலம் அறியாது. இன்று தவணைக் கடனில் மூழ்கியவனைப் பார்த்துப் பேராசைக்காரன் என்று பழிப்பது, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதாகும்.

தேவையை நிறைவுசெய்யும் உற்பத்தியே அத்தேவையைப் படைக்கவும் செய்கிறது என்று பொருளியலாளர் கால்பிரெய்த் 1958இல் வாதிட்டார். மற்றொரு பொருளியலாளர் ஹயெக் 1961இல் இதை மறுத்தார்: உணவு, உறையுள் போன்ற சிலவற்றைத் தவிர மனித விருப்பம் எல்லாமே பிறரிடமிருந்து கற்றதுதான்; இலக்கிய வேட்கையும் படைப்பாளிகளால் உண்டாவதே; அதனால் அது இழிந்ததாகிவிடுமா என்றார். வலிமையான மறுப்பு. ஆனால் கம்பன் பாடியதால் இளங்கோ பழையவராகிவிடவில்லை. சிலம்பில் சலிப்பு ஏற்பட்டாலன்றித் தன் காப்பியம் செல்லாது என்னும் நிலை கம்பனுக்கு இருந்ததில்லை. ஆண்டுக்கொரு தோற்றத்தை விற்பவர்க்கு அந்நிலை உண்டு. சென்ற ஆண்டின் நிறைவைக் குலைப்பது அவர் தொழிலின் முதற்படி.

மகிழுந்தில் தொடங்கியது இன்று கைப்பேசியில் நிலைபெற்றுவிட்டது. பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 திசம்பரில் ஒப்புக்கொண்டது. மின்கலம் தளர்ந்த நிலையில் கருவி திடீரென அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறிற்று. வாங்கியவர்களிடம் அதை முறையாகத் தெரிவிக்காததற்காகப் பிரான்சு 2020இல் இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது. மின்கலத்தை மாற்றினால் தீரும் குறையைக் கருவியின் முதுமை என்று எத்தனை பேர் நம்பிப் புதியதை வாங்கினரோ!

புதியதை வாங்க எவரும் வாராமற்போவர் என்னும் கெட்டரிங்கின் அச்சத்தையும் நாம் எள்ளி ஒதுக்க இயலாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் ஐபோன்களை இணைக்கும் இளம்பெண்களின் ஊதியம், கடல் கடந்த நகரங்களில் யாரோ பழைய கருவியில் சலிப்படைவதைச் சார்ந்திருக்கிறது. அச்சலிப்பு ஒரே நாளில் நீங்கினால் முதல் அடி அவர்கள் மேல்தான் விழும். ஆயினும் சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்க் கடைகளிலும் பழுதுநீக்கிப் பிழைப்போரும் உழைப்பாளிகளே. உதிரிப்பாகமும் செய்முறைக் குறிப்பும் அவர்களுக்கு மறுக்கப்படுவதால் அழியும் வேலைகளையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் முதல், ஒரு திறன்பேசியின் விற்பனை முடிந்த பின்னும் ஏழாண்டுகள் அதன் முதன்மை உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்வது சட்டக் கடமை. இந்தியாவில் 2022 திசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாயில் திறக்கப்பட்டது. நிறுவனங்கள் தாமே முன்வந்து தரும் தகவல்களை அது ஓரிடத்தில் காட்டுகிறது. தராதவரைத் தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டமாக வழங்க வேண்டும். உதிரிப்பாகங்களின் விலையும் அவை கிடைக்கும் காலமும், தவணைக் கடனின் மொத்தச் சுமையும், பொருளின் விலைக்கு நிகரான பெரிய எழுத்தில் விற்பனையின்போதே காட்டப்பட வேண்டும்.