செத்த மீன்தான் செலவு

சென்னைக்காரர்களுக்கு வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கிருந்து பாலிதீன் பையில் தண்ணீரையும் மீனையும் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற இளைஞர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தைக்காரரைப் பார்த்த மாதிரி எனக்கு உடனே எழுந்து சீட் கொடுக்கத் தோன்றும். பாவம், அவருக்குச் செலவு இனிமேல்தான் ஆரம்பம்!

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று சொல்லிவைத்த பெரியவர் நிச்சயம் மீன் வளர்த்திருக்க வேண்டும். ஒரு ஜோடி கப்பி, டிபன் காசுக்குள் வந்துவிடும். அப்புறம் தொட்டி, காற்று மோட்டார், கலர் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடுகிற சிப்பி பொம்மை... பில்லைப் பார்த்து நம் வாயும் அதே மாதிரி திறந்து மூடும்.

பி.காம். படித்தவனுக்கு எதையும் முதலீடு, நடப்புச் செலவு, நஷ்டம் என்று பிரித்து எழுதாவிட்டால் தூக்கம் வராது. மீன் கணக்கை அப்படி எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தொட்டி ஒரு தடவை வாங்குவது. கரண்ட், தீனியெல்லாம் சில்லறை. மாதா மாதம் பர்ஸைக் கடிப்பது மூன்றாவது கணக்கு: செத்த மீனுக்குப் பதில் புது மீன், அதைக் காப்பாற்ற நீல மருந்து, மஞ்சள் மருந்து. ஆக, மீன் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிக்கனம். மீதியெல்லாம் பைசா கணக்கு.

முதல் சேமிப்பு, பெரிய தொட்டி வாங்குவது. சிரிக்காதீர்கள் ஸார். மேஜை மேல் வைக்கிற கண்ணாடிக் கிண்ணம் மலிவுதான். அதில் 5 லிட்டர் தண்ணீர் பிடித்தால் அதிகம். தங்க மீனோ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக அசுத்தம் பண்ணுகிற ஆசாமி. ஒழுங்காக வைத்தால் 10 வருஷத்துக்கு மேல் இருக்கும், ஒரு சாண் வளரும். கிண்ணத்தில் விட்டால் பல சமயம் அடுத்த சம்பளம் வரைகூடத் தாங்காது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும். தண்ணீர் அதிகமிருந்தால் அழுக்கின் வீரியம் குறையும். பழைய தொட்டி கிடைத்தால் இன்னும் லாபம். மொட்டை மாடியில் 2 நாள் நிரப்பி வைத்து, ஒழுகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல். ஆடுகிற ஸ்டூல் மேல் வைத்தால் மீனோடு ஹாலையும் துடைக்க வேண்டி வரும்.

இரண்டாவது சேமிப்புக்குக் காசே வேண்டாம். பொறுமை போதும். மீன், செவுள் வழியாக அம்மோனியா விடுகிறது. அது விஷம். தொட்டியில் தானாக வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு மோசமில்லை. இந்த ரெண்டு கோஷ்டியும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நாமோ தொட்டி வாங்கிய அன்றைக்கே டஜன் மீனை விட்டு, வாரக் கடைசியில் “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்கிறோம். காலித் தொட்டியில் மோட்டாரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவும் வளரும். அவசரக்காரர்களுக்கு ஒரு வழி: நன்றாக மீன் வளர்க்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து போடுங்கள். பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கித் தயிர் தோய்க்கிற சமாசாரம்தான். பஞ்சை மட்டும் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா காலி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கரண்ட் பில்? 5 வாட் காற்று மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதம் 3.6 யூனிட். 10 வாட் எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். மொத்தம் 6. ஆனால் 100 வாட் ஹீட்டர் தினம் 12 மணி நேரம் ஓடினால் அது ஒன்றே 36 யூனிட் தின்னும். சென்னை வெயிலில் கப்பிக்கும் மாலிக்கும் எதற்கு ஹீட்டர்? (ஊட்டிக்காரர்கள் மன்னிக்க.)

தீனியில் தாராளம் கூடாது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் ஒரு வேளைக்கு. மிச்சம் அழுகி, திரும்ப அம்மோனியா. வாரம் ஒரு நாள் விரதம் வைத்தால் மீனுக்கும் நல்லது. பெரிய டப்பா மலிவென்று வாங்காதீர்கள். திறந்த சில மாதத்தில் சத்துப் போய்விடும்.

பிளாஸ்டிக் செடிக்குப் பதில் நிஜச் செடி போடுங்கள். 1850-லேயே லண்டன் வேதியியல்காரர் ராபர்ட் வாரிங்டன், தங்க மீன், வாலிஸ்னேரியா செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வாழ வைத்துக் காட்டினார். மோட்டாரெல்லாம் கிடையாது. செடி அழுக்கை உரமாக எடுத்துக்கொள்ளும், வளர்ந்ததைக் கிள்ளி நண்பர்களுக்கும் தரலாம்.

‘டேங்க் கிளீனர்’ என்று ஒரு கறுப்பு மீனைத் தலையில் கட்டுவார்கள். சம்பளமில்லாத வேலைக்காரன் என்று நம்பாதீர்கள். பாசியைக் கொஞ்சம் சுரண்டுவான், அதைவிட அதிகம் அசிங்கம் பண்ணுவான், ஓர் அடிக்கு மேல் வளர்வான். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் விடத் தோன்றும். அப்படி விட்டு விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் இந்த அன்னிய மீன் பெருகி, வலை போடுகிற மீனவர் வயிற்றில் அடிக்கிறது. நமக்கு மிச்சம், அவருக்கு நஷ்டம். எந்தக் கணக்கில் இது நியாயம்?

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவது. குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். எடுத்த பழைய தண்ணீரை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுங்கள், உரச் செலவு மிச்சம். மொத்தமே அரை மணி நேர வேலை.

அந்த அரை மணியைத் தள்ளிப் போட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் மல்லாந்து மிதக்கும். வீட்டுக் குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். “அழாதே, வேற வாங்கித் தரேன்” என்போம். மீன் வளர்ப்பிலேயே காஸ்ட்லியான வாக்கியம் அதுதான். நமக்கு அது வேற மீன். குழந்தை அதற்கு ஒரு பேர் வைத்திருக்கும்.