ஒரு கிலோ என்ன விலை?

டிராக்கில் பைக் ஓட்ட ஆசைப்படுகிற நம்ம பசங்க முதலில் கேட்கிற கேள்வி, "எக்ஸாஸ்ட் என்ன போடலாம்?" என்பதுதான். பவர் ஏத்தணும், சத்தம் வரணும், அவ்வளவுதான். எடையைக் குறைக்கலாமே என்று யோசிப்பவர்கள் இரண்டாவது ரகம், கொஞ்சம் விவரமானவர்கள். ஆனால் அந்த விவரமானவர்களும் எந்தக் கிலோவை முதலில் கழட்டுவது, எதற்குக் காசு கொடுப்பது, எதன் மேல் கையே வைக்கக்கூடாது என்பதில் கோட்டை விடுகிறார்கள் என்பது என் கட்சி. நான் படிப்பது பி.காம். மெக்கானிக்கல் பசங்க சண்டைக்கு வரலாம், வரட்டும். இதில் பாதி காஸ்டிங் பாடம்தான் :-)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. யமஹா ஆர்15 வி4 டேங்க் நிறைய பெட்ரோலோடு சுமார் 142 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ, லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து ஒரு 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 215. இதில் 10 கிலோ குறைந்தால் 205. எஞ்சின் அதே 18 பிஎஸ் சொச்சம்தான். ஆனால் வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது, இன்னொரு 0.9 பிஎஸ் கூடக் கிடைத்த மாதிரி இருக்கும். 155 சிசி எஞ்சினில் அந்த 0.9-ஐப் பிடுங்க எவ்வளவு செலவாகும் என்று ட்யூனிங் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பவர் ஏற்றினால் பலன் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது மட்டும்தான். எடை குறைந்தால் பிரேக் பிடிக்கும்போதும் பலன், வண்டியை இடமும் வலமும் சாய்க்கும்போதும் பலன். டயரும் சீக்கிரம் சூடாகிக் கைவிடாது.

ஒரே ஒரு இடத்தில் எடை பெரிதாக உதவாது. நீளமான நேர்ப்பாதையில் உச்ச வேகம் தொட்டபிறகு, அங்கே எதிரி காற்று. அதற்கு டேங்க் மேல் படுத்துக் குனிந்துகொள்வதுதான் வைத்தியம், அது இலவசம்.

இலவசம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் வண்டியில் இலவசமாகக் கழட்டக்கூடிய எடை நிறைய இருக்கிறது. பின்னால் உட்காருபவர் சேலை சக்கரத்தில் சிக்கக்கூடாது என்று சட்டமே போடச் சொல்லும் சேலை கார்டு. நடு ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, லெக் கார்டு, பின்சீட்டு, பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் கம்பி, கைப்பிடி, கண்ணாடி, ஹாரன், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், டூல் கிட். வண்டியைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து கிலோ வரை போகும். ஸ்பேனர் செட் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். (சைடு ஸ்டாண்டு போட்டால் எஞ்சின் நிற்கிற வண்டி என்றால் அந்த சுவிட்சுக்கும் ஒரு வழி செய்துவிடுங்கள். இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.)

இதையெல்லாம் விடப் பெரிய இலவசம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பெட்ரோல்! ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. ஆர்15 டேங்க் கொள்ளளவு 11 லிட்டர், அதாவது எட்டு கிலோவுக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஆறு சுற்று ரேஸ் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். எவ்வளவுதான் முறுக்கினாலும் இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். மூன்று, மூன்றரை லிட்டர் ஊற்றினால் போதும். அதற்கும் கீழே போகவேண்டாம், ஃப்யூல் இஞ்செக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்தான் இருக்கிறது, சாய்க்கும்போது பெட்ரோல் ஒதுங்கினால் மூச்சு வாங்கும். மீதி ஏழு லிட்டர் சொச்சம் என்பது ஐந்தரை கிலோ. டைட்டானியம் எக்ஸாஸ்ட்டுக்கு நகையை அடகு வைத்தவன் டேங்கை ரொப்பிக்கொண்டு ரேஸுக்குக் கிளம்புவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடகு என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. எங்கள் செட்டில் ஒருத்தன் அம்மாவின் வளையலில் நகைக்கடன் வாங்கித்தான் முழு எக்ஸாஸ்ட் வாங்கினான். குறைந்தது மூன்று கிலோ சொச்சம். நல்ல பொருள்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவன் வண்டியில் பின் டயர் தேய்ந்து வழுக்கை. அந்தக் காசில் நல்ல டயர் இரண்டு செட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் சரிசெய்வது, அது போக நாலைந்து நாள் டிராக்கில் பயிற்சி எல்லாம் முடிந்திருக்கும். ஒரு நாள் பயிற்சி குறைக்கிற நேரத்தை மூன்று கிலோ குறைக்கவே குறைக்காது, அதுவும் புதிதாக ஓட்டுகிறவனுக்கு. எங்கள் பாடத்தில் இதற்கு மார்ஜினல் காஸ்ட் என்று பெயர். முதல் பத்து கிலோ ஓசி. அடுத்த ஒன்றிரண்டு கிலோ ஆயிரக்கணக்கில். அதற்கு மேல் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் வட்டி கட்ட வேண்டும்.

காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எங்கே கொடுப்பது? சுற்றுகிற பாகங்களுக்குக் கொடுங்கள் என்பேன். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவை நகர்த்தவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாதிரி நடந்துகொள்கிறது. சஸ்பென்ஷனுக்குக் கீழே இருப்பதால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கவும் உதவும். அதற்கடுத்து பேட்டரி. ஒன்றரை கிலோ ஈய பேட்டரியின் இடத்தில் அரை கிலோ லித்தியம் பேட்டரி. கொடுத்த காசுக்கு மோசமில்லை.

இப்போது நான் நிஜமாகக் கோபப்படும் இடம். லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டை போடுவது. பிரேக் டிஸ்க்கில், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில், சேசிஸில் என்று எதையும் விடுவதில்லை. கம்பெனி டிஸ்க்கிலேயே ஓட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எங்கே, எத்தனை, எந்த அளவு என்று கணக்குப் போட்டுப் போட்ட ஓட்டை அது. டிஸ்க்கில் இருக்கும் உலோகம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை, பிரேக் பிடிக்கும் சூட்டையெல்லாம் அதுதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. உலோகத்தைக் குறைத்தால் சூடு ஏறும், ஓட்டையின் ஓரத்தில்தான் விரிசல் விடத் தொடங்கும். எடை போட்டால் ஐம்பது கிராம் தேறாது. மேலே சொன்ன நண்பனுடைய ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் அப்படித்தான் ஓட்டையோடு சேர்ந்து உடைந்தது. நல்லவேளை, பிட்டுக்குள் திரும்பும்போது. ஒரு சுற்று முன்னால், முழு வேகத்தில் உடைந்திருந்தால்? அவன் அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

காலிப்பர், ஆக்ஸில் போல்ட்டுகளுக்கு அலுமினியம் போல்ட் போடுவதும் இதே கேஸ்தான். ஃபேரிங்குக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

லேசாக்குவதே எப்போதும் வெற்றி என்றும் கிடையாது. டுகாட்டி 2009-இல் மோட்டோஜிபி வண்டிக்குக் கார்பன் ஃபைபர் சேசிஸ் போட்டது. கேசி ஸ்டோனர் அதில் ரேஸ்களை ஜெயித்தார். 2011-இல் வாலன்டினோ ரோஸி வந்தார், முன் சக்கரம் என்ன செய்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. 2012-இல் அலுமினியத்துக்குத் திரும்பினார்கள். ஆனாலும் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் ரோஸிக்கு ஒரு வெற்றிகூட இல்லை, எனவே சேசிஸ் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. கையில் கார்பன் ஃபைபரும் கோடிகளும் இருப்பவர்களுக்கே இந்தக் கதி. எதிர்ப்பக்கத்தில் நியூசிலாந்துக்காரர் ஜான் பிரிட்டன் இருக்கிறார். 90-களின் தொடக்கத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, சேசிஸே இல்லாமல் எஞ்சினையே முதுகெலும்பாக்கி, 138 கிலோவில் 1000 சிசி பைக் கட்டினார். அவர் ஓட்டை போட்டு எடையைக் குறைக்கவில்லை. தேவையில்லாத பாகமே இல்லாத மாதிரி முதலிலிருந்து யோசித்தார். எனக்கு அவர்தான் ஹீரோ.

அடுத்தது ஓட்டுபவரின் எடை. மோட்டோஜிபியில் வண்டியை மட்டும் எடை போடுவார்கள், 2016 முதல் குறைந்தபட்சம் 157 கிலோ, 2027 விதிகளில் 153. மோட்டோ3-இல் வண்டியும் ஆளும் சேர்ந்து 152 கிலோவாவது இருக்கவேண்டும். வேர்ல்டு சூப்பர்பைக்கில் 2022, 2023 இரண்டு வருடமும் சாம்பியனான ஆல்வரோ பாவ்டிஸ்டா ஒல்லிக்குச்சி மனிதர். 2024-இல் ஓட்டுபவர் எடையையும் கணக்கில் சேர்க்கும் விதி வந்ததும் அவர் வண்டியில் எடை கட்ட வேண்டியதாயிற்று. அவருக்கு அது அநியாயம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்த விதியின் பக்கம்தான் சாய்வு. நம் டிராக்கில் எண்பது கிலோ ஆள் 150 சிசி வண்டியில் ஐம்பது கிலோ பையனோடு மோதும்போது, தொடங்கும் முன்பே பாதி ரேஸ் முடிந்துவிடுகிறது. சேர்த்து எடை போட்டால் பசங்க பட்டினி கிடக்கவும் அவசியமிருக்காது. சென்னை வெயிலில், லெதர் சூட்டுக்குள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைத்துக்கொண்டு வந்து மயங்கி உட்காருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. முதுகுக் கவசத்தைக் கழட்டி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இல்லை, எரிச்சல்தான் வருகிறது.

கடைசியாக ஒரு காமர்ஸ் யோசனை. கழட்டும் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து, ஒரு நோட்டில் எடையும் செலவும் எழுதுங்கள், செலவை எடையால் வகுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த நோட்டே காட்டிவிடும். கழட்டியதை ஒரு கோணியில் கட்டிப் பரண் மேல் போட்டு வையுங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடியும் இண்டிகேட்டரும் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போகவும் முடியாது. ஒரு குட்டி யானை பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள், நாலு பேர் சேர்ந்தால் வாடகை பெரிதில்லை. பிறகு வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, சேலை கார்டு எங்கே?"