நெல்லின் மூதாதையர்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துவோர், தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கின்றனர், பிண்டமும் வைக்கின்றனர். பூட்டன் பெயரை மறந்தவர் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவிடம் கேட்டறிந்து சொல்வதும் உண்டு. ஆனால், அப்பிண்டத்துக்கான அரிசியின் தந்தை யார், பாட்டன் யார் என்று எவரேனும் வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? இது வேடிக்கைக் கேள்வி அன்று. நெற்பயிர் பிழைப்பதும் அழிவதும் சில வேளைகளில் அதன் மூதாதையரைப் பொறுத்தே அமைகின்றன.

கீரிமலைச் சூழல் கல்லும் செம்மண்ணுமாகும். நெல்வயல் காண வேண்டுமாயின் சண்டிலிப்பாய்ப் பக்கமோ தென்மராட்சிக்கோ செல்லவேண்டும். மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையில் அவ்வயல் வரப்பில் நின்று இலைகளை உற்று நோக்கினால், சில ஆண்டுகளில் அவற்றிலே கண் வடிவான புள்ளிகள் தென்படும். இரு முனைகளும் கூராக, நடுவிலே சாம்பல் நிறமும் ஓரத்திலே கபில நிறமுமாக அவை காணப்படும். இதுவே எரிபந்த நோய். தமிழகத்தார் இதனைக் குலை நோய் என்பர்.

இந்நோயை விளைப்பது கண்ணுக்குப் புலனாகாத ஒரு பங்கசு. காற்றிலே வரும் அதன் வித்தி, பனித்துளியில் முளைத்து, இலையின் மேல் ஒரு சிறு குமிழை அமைத்துக்கொள்கிறது. அக்குமிழினுள் ஏறக்குறைய எண்பது வளிமண்டல அமுக்கம் உண்டாகிறது. மோட்டார் வண்டியின் சில்லில் அடைக்கும் காற்றின் அமுக்கத்தைப் போல முப்பது, நாற்பது மடங்கு எனலாம். அந்த வலிமையோடு இலையின் தோலைத் துளைத்து அது உட்புகுகிறது. இலையளவில் நின்றுவிட்டால் பயிர் ஓரளவு தேறிவிடும். கதிரின் கழுத்தைப் பற்றினாலோ, மணி முற்றாது; களத்துக்கு வருவது வெறுஞ் சப்பியே. யூறியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலில் இந்நோய் இன்னும் விரைந்து பரவும்.

மருந்து தெளித்து இதனைத் தடுக்கலாம். ஆயினும் மருந்துக்குப் பணம் வேண்டும்; தக்க நாளும் வாய்க்க வேண்டும். நோயைத் தானே எதிர்க்கும் நெல்லினத்தை விதைத்தால் செலவு குறையும். இந்நோக்கோடு உழைத்த இடங்களுள் ஒன்று குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம். அங்கே 1950களில் உருவாகிய எச் 4 என்னும் இனத்தை நம் பெரியவர்கள் அறிவர். இதன் பெற்றோரில் ஒன்று முருங்காக்காயன் என்னும் இலங்கையின் பழைய நெல். மற்றொன்று இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்னும் நெல். நல்ல விளைச்சலோடு எரிபந்தத்தை எதிர்க்கும் ஆற்றலும் பெற்றிருந்தமையால், 1960களில் எச் 4 தீவெங்கும் பரவியது.

இங்கே ஓர் உண்மையை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். எதிர்ப்பாற்றலை ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் புதிதாகப் படைப்பதில்லை. எங்கோ ஒரு பழைய விதையில் அது முன்னரே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டு, நல்ல விளைச்சலுள்ள இனத்தோடு கலப்பதே அவர் தொழில்.

அவ்வாறு பெற்ற ஆற்றலும் நிலையானதன்று. எதிர்ப்பாற்றலை ஒரு வாயிற்காவலனுக்கு ஒப்பிடலாம். கள்வனின் முகத்தை அறிந்த காவலன் அவனைக் கண்டதும் குரல் எழுப்புகிறான். பங்கசு புகுந்த இடத்துக் கலங்கள் உடனே மடிந்து, அதனைப் பட்டினியிட்டுக் கொல்கின்றன. கள்வன் மாறுவேடம் பூண்டு வந்தாலோ காவலன் ஏமாந்துவிடுகிறான். தென் கொரியாவில் 1972 முதல் ‘தொங்கில்’ என்னும் நெல் பெருமளவில் பரப்பப்பட்டது. எரிபந்தத்தைத் தாங்கிய அந்நெல்லும் அதன் வழிவந்த இனங்களும் 1977 இல் நாட்டின் களஞ்சியங்களை நிரப்பின. அடுத்த ஆண்டிலேயே பங்கசின் புதிய வடிவங்கள் அவ்வயல்களைத் தாக்கிப் பேரிழப்பை விளைத்தன. வயல்தோறும் ஒரே காவலன் நின்றமையால், அவனை ஏமாற்றியதும் எல்லா வாயில்களும் திறந்துகொண்டன.

நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச நாம் வாங்கும் பார்லி, அதாவது வாற்கோதுமை, வேறொரு பாடம் புகட்டுகிறது. அதன் இலையில் மாத்தூவியது போற் படரும் வெண்ணோய் ஒன்றுண்டு. 1937, 1938 ஆம் ஆண்டுகளில் எதியோப்பியாவிலிருந்து சேகரித்த உழவர் விதைகள் சிலவற்றில், அந்நோய்க்கு வழிவிடும் ஒரு பரம்பரையலகு செயலற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. இங்கே காவலன் இல்லை; கள்வன் நுழையும் வாயிலே அடைக்கப்பட்டுள்ளது. 1979 முதல் ஐரோப்பிய வயல்களில் பயன்படும் இவ்வெதிர்ப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. ஆனால், வெண்ணோயை வென்ற அதே வாற்கோதுமை, ஆய்வுகூடத்தில் நம் எரிபந்தப் பங்கசுக்கு முன்னிலும் எளிதாக இரையாயிற்று என்று 1999 இல் அறிஞர் கண்டனர். எல்லாக் கள்வரையும் தடுக்கும் ஒரே பூட்டு இல்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பல பூட்டுகள் வேண்டும். அவற்றுக்குப் பலவகை விதைகள் வேண்டும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நம் நெல்லினங்களைச் சோற்றின் சுவைக்காக மட்டும் போற்றினால் போதாது. நாளை வரப்போகும் நோய்க்கு எந்த விதையில் மாற்று இருக்கிறது என்பதை இன்று எவரும் சொல்ல இயலாது. 1990 இலும் 1995 இலும் வலிகாமத்து மக்கள் வீடு வாசலைவிட்டு நீங்கியபோது காணி உறுதியையும் பிள்ளைகளையும் காத்துச் சென்றனர். விதைநெல் மூடையைச் சுமந்து செல்ல யாரால் இயலும்? கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையம் பழைய விதைகளைக் குளிரறையிற் பேணுகிறது, அது பெரும்பணி. எனினும் குளிரறை விதை உறங்குகிறது. வயலிலுள்ள விதையே ஆண்டுதோறும் மழையோடும் பனியோடும் நோயோடும் பழகி மாறிவருகிறது.

நிலமுள்ள குடும்பத்தார் ஒரு பரப்பிலேனும் பழைய இனமொன்றை விதைத்து, அதன் பெயரையும் அது வந்த வழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்களாக. பூட்டன் பெயரை மறவாதிருப்பது போல, நமக்குச் சோறு தந்த நெல்லின் பெயரை மறவாதிருப்பதும் ஒரு பிதிர்க்கடனே.