வாளை வணங்கும் மண்டபம்

போர்க்களத்திற்கென வடிக்கப்பட்ட வாளை மேசைமீது விரித்த துணியில் வைத்து, அதற்குத் தலைதாழ்த்தி வணக்கஞ் செய்யும் மக்களும் இவ்வுலகில் உளர். யப்பானிய வாள்களைச் சேகரிப்போர் கூடும் கண்காட்சியையே நாம் குறிப்பிடுகின்றோம். டோக்கியோ மாநகரில் மட்டுமன்றி, அமெரிக்காவின் சிக்காகோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிலும் இத்தகைய கண்காட்சிகள் நடந்து வந்துள்ளன.

அங்கு செல்வோர் முதலிற் கற்க வேண்டியது ஒழுங்குமுறை. வாளை எடுக்குமுன் வணங்குதல் வேண்டும். உறையினின்று உருவும்போது கூர்விளிம்பு மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அலகை விரலால் தீண்டலாகாது. வியர்வை பட்ட இடத்தில் துருவேறும். அதன்மீது குனிந்து பேசுதலும் ஆகாது. எச்சில் தெறித்தாலும் அதே கேடு விளையும். அலகைக் காக்கப் பூசும் எண்ணெயிலே, நம் அடுக்களைகளில் நாம் அறிந்த கராம்பின் மணம் கமழ்வதுண்டு.

இனி, அலகை விளக்கொளியிற் சாய்த்து நோக்குவோம். விளிம்பையொட்டி, அலைபோன்ற வெண்ணிறக் கோலமொன்று தோன்றும். கொல்லன் அலகின்மேற் களிமண்ணைப் பூசுகின்றான். முதுகிலே தடிப்பாகவும் விளிம்பிலே மெல்லியதாகவும் பூசுகின்றான். பின்னர் அதனைப் பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துகின்றான். விரைந்து குளிர்ந்த விளிம்பு கடினமாகின்றது. மெல்லக் குளிர்ந்த முதுகோ முறியாத் தன்மை பெறுகின்றது. அவ்விரண்டின் எல்லையே அக்கோலம்.

வாளின் வரலாறோ பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்திலே உள்ளது. கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது அங்குதான். அங்கு படிந்துள்ள கருந்துரு வாளின் வயதுக்குச் சாட்சி. அதனை அழுக்கெனக் கருதித் தேய்த்தகற்றுவோர், அச்சாட்சியையும் அழித்துவிடுகின்றனர். ஆகையினால், தேர்ந்தவர்கள் அத்துருவைத் தொடுவதில்லை.

இவ்வாள்கள் கடல்கடந்து சென்றது எவ்வாறு? 1876 ஆம் ஆண்டிலே, பொது இடங்களில் வாள் தரிப்பதை யப்பானிய அரசு தடைசெய்தது. 1945 ஆம் ஆண்டுத் தோல்வியின்பின், ஆயுதங்களை ஒப்படைக்குமாறு நேசநாட்டுப் படையினர் கட்டளையிட்டனர். பரம்பரை வாள்களும் அவற்றோடு சேர்ந்தன. பல அழிக்கப்பட்டன, பல, போர்வீரரின் நினைவுப் பொருள்களாகக் கப்பலேறின.

அக்காலத்து வாள்கள் இரண்டின் கதையை இங்கு கூற விரும்புகின்றோம். மசமுனே என்னும் புகழ்பெற்ற கொல்லர் வடித்ததாகப் போற்றப்படும் ‘ஹொஞ்சோ மசமுனே’, தொக்குகவா குடும்பத்தாரிடம் தலைமுறைகளாக இருந்து வந்தது. 1939 இலே தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட அவ்வாள், 1945 டிசம்பரில் டோக்கியோவின் பொலிஸ் நிலையமொன்றில் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அது சென்ற இடம் இன்றுவரை புலப்படவில்லை.

மற்றையது, குனிமுனே என்னும் கொல்லரின் வாள். ககோஷிமாவிலுள்ள தெருக்குனி ஆலயத்துக்கு உரியது. அதுவும் தேசியச் செல்வமே. அதுவும் போரின்பின் காணாமற்போனது. அமெரிக்கச் சேகரிப்பாளரான வால்ட்டர் கொம்ப்டன் என்பார், தம் கைக்கு வந்த வாள் இதுவே எனத் தெரிந்ததும், விலையேதும் பெறாது 1963 ஆம் ஆண்டில் அதனைத் திருப்பியளித்தார்.

இரண்டு வாள்களும் அந்நியர் கைக்கே சென்றன. ஒன்று, தன்னை அறிந்தவரிடம் சேர்ந்தமையால் வீடு திரும்பியது. பாட்டனார் கொணர்ந்த வாளைக் கண்காட்சிக்கு எடுத்துவந்து, “இது யாது?” என வினவும் பேரன் ஒருவன் கையில், மற்றையதும் ஒருநாள் வெளிப்படலாம். அன்று அவ்வாளின் பெருமையை உணர்த்த வல்லார் ஒருவர் அங்கிருத்தல் வேண்டும். பழம்பொருளைக் காப்பதற்குப் பூட்டும் பெட்டியும் போதா. அதனை அறிந்தவரும் வேண்டும். மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.