ஸ்கேனர் வாங்கலாம், ஆள் எங்கே?



நமது நூலகத்தின் பழைய நூல்களை மின்வடிவமாக்க ஸ்கேனர் வாங்கக் காசு சேர்க்கிறோம். நல்ல விசயம், மாஷா அல்லாஹ். ஆனால் அதில் வேலை செய்பவருக்கென்று ஒரு சதமும் ஒதுக்கவில்லை.

படம் எடுப்பது சின்ன வேலை. பூச்சி அரித்த தாளைக் கிழியாமல் புரட்ட வேண்டும், விடுபட்ட பக்கத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பதிய வேண்டும். பதியாத கோப்பைப் பிறகு யாரும் தேடி எடுக்க முடியாது. அறபுத் தமிழ் கிதாபுகள் வேறு இருக்கின்றன. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளே அதில் தமிழ் ஒலிகளுக்காகச் சேர்த்த எழுத்துகளில் தடுமாறுகிறார்கள். சரளமாக வாசிப்பவர்கள் வயதான ஆலிம்களும் சில உம்மம்மாமாரும்தான்.

ஓ.எல். எழுதிய பிள்ளைகள் சும்மா செய்து தருவார்கள் என்கிறார்கள் சிலர். செய்வார்கள், ஏ.எல். வகுப்பு தொடங்கும் வரைக்கும். பாடசாலையில் நாங்கள் பார்க்காத கதையா!

2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் தளத்தில் என்னென்ன ஏற்கெனவே ஏறியிருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். ஒரே புத்தகத்தை இரண்டாம் தரம் எடுக்கத் தேவையில்லை. விலை குறைந்த ஸ்கேனர் போதும். மிச்சக் காசில் ஒரு தங்கச்சிக்கு ஆறு மாதச் சம்பளம், கிதாபு வாசித்துத் தரும் ஆலிமுக்கு ஹதியா. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.