கொழும்பில் ஆட்கள் கூடிவிட்டார்களாம்!



இரண்டு மணித்தியாலம் மழை பெய்து பாதைகள் வெள்ளத்தில் நின்றால் போதும், முகநூலில் அதே கதை கிளம்பிவிடும். "கொழும்பில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்துச் சனம்தான் வடிகானை அடைக்கிறது. இவர்களை வெளியே அனுப்பினால்தான் நகரம் உருப்படும்." எழுதுபவர்களில் பலர் எங்கள் ஆட்கள், படித்தவர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதுத் தொடர்மாடிகளில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். கொழும்பில் படிப்பிக்கும் நாங்கள் இதற்கு வாய்மூடி இருக்க முடியாது. அவர்கள் வெளியே அனுப்பச் சொல்வது எங்கள் வகுப்புப் பிள்ளைகளை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலகம் நகரமாகிக்கொண்டு வருவது உண்மை. 1950இல் உலக மக்களில் 30 வீதம்தான் நகரங்களில் இருந்தார்கள். 2018இல் அது 55 வீதம். 2050இல் 68 வீதமாகும் என்று ஐ.நா. அப்போது மதிப்பிட்டது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநகரங்கள் 1990இல் 10, 2018இல் 33. டாக்காவும் ஜகார்த்தாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கொழும்பு? எங்கள் மாநகர சபை எல்லை வெறும் 37 சதுர கிலோமீற்றர். 2001 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் பேர். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். கூடவில்லை ஐயா, குறைந்திருக்கிறது! பெருகியது நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். காலையில் பாதையை அடைப்பது அங்கிருந்து வரும் வாகனங்கள். தோட்டத்து மனிசன் வேலைக்கு நடந்து போகிறான்.

அடுத்தது காணி. நகர சனத்தொகையில் பாதிப் பேர் தோட்டங்களிலும் பழைய வீட்டுத்திட்டங்களிலும் வாழ்கிறார்கள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையே சொன்னது. அவர்கள் இருக்கும் காணி எவ்வளவு? நகரத்தின் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பாதிச் சனம் பத்தில் ஒரு பங்கில் நெருக்குப்படுகிறது. மீதி ஒன்பது பங்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று ஏன் ஒருவரும் பதிவு போடுவதில்லை?

2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இராணுவத்தின் துணையோடு வீடுகளை இடித்தார்கள். பிறகு வனாத்தமுல்லை, தெமட்டகொடப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பின. அனுப்பப்பட்ட எல்லாரும் அத்துமீறிக் குடியேறியவர்களா? பலரிடம் உறுதி இருந்தது. சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு இருந்தது.

தொடர்மாடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொந்தக் கழிவறை, வெள்ளம் ஏறாத வீடு என்று சந்தோசப்படும் குடும்பங்களும் உண்டு. ஆனால் கேட்டுக் கொடுத்த வீடு வேறு, தள்ளிவிட்ட வீடு வேறு. விடியற்காலையில் இடியப்பம் அவித்து ஒழுங்கையில் விற்ற உம்மா, பன்னிரண்டாம் மாடியில் யாருக்கு விற்பார்? புறக்கோட்டைக்கு நடந்துபோன நாட்டாமை பஸ் காசுக்கு எங்கே போவார்? லிப்ட் வேலை செய்யாத நாளில் ஜனாஸாவை எப்படி இறக்குவது? வீடு மாறிய பிள்ளை பழைய பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டும். முதலில் பிந்தி வரும், பிறகு கிழமைக்கு மூன்று நாள் வரும், பிறகு இடாப்பில் பெயர் மட்டும் இருக்கும்.

வெள்ளத்துக்குக் காரணம் வேண்டுமா? மழைநீரைத் தாங்கிய சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்பியவர்களைக் கேளுங்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்ததே அந்த நிலங்களில் மிச்சம் இருந்ததால்தான். குப்பை என்கிறீர்களா? நகரம் முழுவதின் குப்பையும் மீதொட்டமுல்லையில் ஏழைகளின் வீட்டு ஓரத்தில் மலையாகி, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அவர்கள் மேலேயே சரிந்தது. 32 உயிர்கள். குப்பை எல்லாருடையது, மௌத்து மட்டும் அவர்களுடையது.

"ஊருக்குப் போ" என்ற சொல்லை நாங்கள் சொல்லவே கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களுக்கு அதே கட்டளைதான் வந்தது. உடுத்த உடுப்போடு வந்தவர்களில் சிலருக்கு இந்தக் கொழும்புதான் இடம் கொடுத்தது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இரண்டு சமூகமும் அடிபட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை, கொஞ்சம் வசதி வந்ததும் மறந்துவிடலாமா?

வேறு வழி இல்லையென்று சொல்லாதீர்கள். வழி இந்த நாட்டிலேயே இருந்தது. 1984இல் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கீழ், தோட்டங்களை உடைக்காமல் அங்கேயே குழாய், கழிவறை, ஒழுங்கை, வடிகான் செய்து கொடுத்தார்கள். குறைந்த வட்டியில் கடன் கொடுத்தார்கள். மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டினார்கள்.

நாங்கள் கேட்பது மூன்று. இருக்கிற இடத்திலேயே திருத்தித் தாருங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் பிள்ளையின் பாடசாலைக்கும் பெற்றோரின் தொழிலுக்கும் நடக்கும் தூரத்தில், அவர்கள் சம்மதத்தோடு மாற்றுங்கள். எழுத்தில் உரிமை கொடுங்கள்.

வீதி கூட்டுபவரும் மூட்டை தூக்குபவரும் வீட்டு வேலைக்கு வருபவரும் காலையில் வேண்டும், இரவில் கண்ணில் படக்கூடாது என்றால் அது நகரம் இல்லை. சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையென்றால் கணக்கோடு வாருங்கள், பேசுவோம்.